நெடுந்தீவில் அடிப்போர்வை தேடியது

குளிர் மேலேயிருந்து வருவதில்லை, கீழேயிருந்துதான் வருகிறது. மலாயாவில் நில அளவை வேலையில் முப்பது வருடம் காட்டுக்குள் தொங்குபடுக்கையில் படுத்தெழும்பியவன் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன். என் மகள் தேவகி கிள்ளானில் ஆஸ்பத்திரித் தாதி. குளிர் ஈரத் தலையிலிருந்தும் பிடிவாதத்திலிருந்தும் வருகிறது என்பது அவளுடைய கட்சி.

முந்திய மழைக்காலத்தில் எனக்கு நியூமோனியா கண்டு தெளிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். ஈப்போவுக்கு வெளியே நான் தனியே இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய் இருக்கவேண்டும். அவள் குடியிருப்பது மருமகனுடைய டயர்க் கடைக்கு மேல்மாடி. காலை ஆறு மணிக்குச் சுத்தியல் தொடங்கும். மருமகன் நல்லவர். சுத்தியலும் நல்ல சுத்தியல்தான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் நான் நெடுந்தீவுக்குப் புறப்பட்டது ஒரு காணி விஷயமாக. என் பங்கில் கிடந்த துண்டு நிலத்தை மச்சாள் பூரணத்தின் மகளுக்குச் சீதனத்தோடு சேர நன்கொடை எழுதவேண்டும். எழுதுகிறவர் நேரில் வந்து, பத்திரம் பதியும் நொத்தாரிசுக்கு முன் கையொப்பமிடுவது நல்லது. ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துத் தபாலில் பத்திரம் அனுப்பினாலும் போதும் என்ற விதி எனக்குத் தெரியும். அதை வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

தேவகி ஒரு நிபந்தனை போட்டாள். திரும்பி வரும்போது நெஞ்சில் இருமல் இருந்தால், ஈப்போ வீட்டுச் சாவி அவள் கைக்குப் போகும். நான் டயர்க் கடைக்கு மேலே போவேன். தும்மல் இதில் அடங்காது என்ற திருத்தத்தை நான் சேர்த்தேன். ஒப்புக்கொண்டாள். இருவரும் கையொப்பமிட்டோம். அவள் பிரதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். யார் மகள்?

நான் காட்டில் விழுந்தபோது முதுகெலும்பின் அடித்தட்டு ஒன்று நழுவியது. அன்றிலிருந்து பாயிலோ கட்டிலிலோ நீட்டிப் படுத்தால் எழும்ப ஆள் வேண்டும். ஆகவே எங்கே போனாலும் நைலோன் தொங்குபடுக்கையும் கூடவே வரும். சுருட்டினால் ஒரு பாண் ரொட்டி அளவு. காட்டில் அதற்குக் கீழே கட்ட இலாகா கொடுத்த மெத்தைப் போர்வை ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றபோது விதிப்படி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் கொடுக்கவில்லை. அந்த நேர்மைக்கான கூலியைத்தான் இந்தப் பயணத்தில் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை குறிகட்டுவான் துறையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இரண்டு லோஞ்சுப் படகுகள் நின்றன. ஒன்றில் 'நெடுந்தீவு' என்ற பலகை தெளிவாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முக்கால்வாசித் தூரம் போன பிறகுதான் விளங்கியது: நெடுந்தீவு லோஞ்சு பழுதாகிக் கிடந்தது, அதன் பலகையை நயினாதீவு லோஞ்சுக்காரர்கள் தங்கள் படகில் ஆட்கள் உட்காரப் போட்டிருந்தார்கள்.

"பலகையை ஏன் ஐயா வாசிச்சனீங்கள்?" என்றாள் பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த பெண். "ஆக்களையெல்லோ கேக்க வேணும்."

பினாங்குப் படகில் பலகையை நம்பலாம் என்றேன். "அப்ப அங்கை ஆக்கள் பொய் சொல்லுவினமோ?" என்று கேட்டாள்.

அன்றிரவு நயினாதீவில் அம்மன் கோயில் மடத்தில் தங்கினேன். பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் பாயசம். இலையில் இடம் இருக்கும்வரை போட்டார்கள். மடத்துக் காவல்காரரிடம் கேட்டு இரண்டு தூணுக்கு நடுவே தொங்குபடுக்கையைக் கட்டி, கம்பளியை நாலாக மடித்து முதுகுக்குக் கீழே போட்டுப் படுத்தேன். தை மாதத்து வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வந்து, கம்பளி இருப்பதைக் கவனியாமல், என் இடுப்பை விசாரித்தது.

இந்தத் தவறை நான் தெரிந்தே செய்தேன். வேறு வழி இல்லை. கம்பளி சூடு தருவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் காற்று. அதன்மேல் ஓர் ஆள் படுத்தால் காற்று வெளியே போய்விடும். மிஞ்சுவது வெறும் துணி. போர்வை தொங்குபடுக்கைக்கு வெளியே, அடியில், உடம்பு நசுக்காதபடி தொங்கவேண்டும். இறுகவும் கூடாது, இடைவெளி விழவும் கூடாது. அடிப்போர்வை என்று நான் சொல்வது இதை.

விடியப் பார்த்தால், நாகவிகாரைக்கு வந்த சிங்களத் தம்பதி மடத்து வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் படித்த காலத்துச் சிங்களம் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

"பாவம், கப்பலில் வேலை செய்தவர் போல," என்றாள் மனைவி.

"இல்லை," என்றார் கணவர். "காயப் போட்டிருக்கிறார்கள்."

இரண்டு தரம் தும்மினேன். திருத்தத்தின்படி அது கணக்கில் இல்லை.

திங்கட்கிழமை நெடுந்தீவு போய்ச் சேர்ந்தேன். இந்த முறை ஆட்களைக் கேட்டுத்தான் ஏறினேன். வாடைக் கடல் அலைக்கு லோஞ்சுக்காரர் எங்கள் எல்லார்மேலும் ஒரே படங்குத் துணியை இழுத்து மூடினார். ஒரு மணித்தியாலம் முப்பது பேர் இருட்டில் ஒருவரையொருவர் மூச்சால் சூடாக்கிக்கொண்டு போனோம். அன்று நான் அனுபவித்த ஒரே வெப்பம் அதுதான். துறையிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் நின்றபடி பயணம். இரண்டு பக்கமும் பவளப்பாறை முருகைக்கல் அடுக்கிய மதில்கள். அதற்கு அப்பால் வெட்டவெளி, மட்டக் குதிரைகள்.

பூரணம் வாசலில் நின்றாள். அறுபது வயது, கணவர் காலமாகிவிட்டார், மகள் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. "அத்தான், மெலிஞ்சு போனியள். மலாயாவிலை சாப்பாடு இல்லையோ?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழை ஒரு பெரிய கோப்பையில் ஊற்றித் தந்தாள். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் கிடந்தன. ஈப்போவில் நூடில்ஸ் சூப்புக்குப் பேர்போன கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் யாரும் இதைக் குடிக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

சண்டை வந்தது படுக்கையில்தான். வீட்டுக்குள்ளே கூரை வளை மரத்தில் கட்டினால் காற்றுப் படாது என்றேன்.

"வளையிலையோ? வளையிலை பிள்ளைக்கு ஏணைதான் கட்டுறது அத்தான். உங்களைத் தொங்கவிட்டால், பிள்ளை ஆணோ பெண்ணோ எண்டு ஊர் கேக்கும்."

ஆகவே விறாந்தையில் இரண்டு தூணுக்கு நடுவே கட்டினேன். மதில் இடுப்பளவு. ஒழுங்கையால் போகிற ஆடுகூட என்னை எட்டிப் பார்க்கலாம்.

பின்னேரம் எதிர்வீட்டுச் சின்னத்துரையர் வந்தார். தந்திக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கட்டுகிறவர் போலத்தான் பேசுவார்.

"வருகை?"

"இண்டைக்கு."

"புறப்பாடு?"

"சனிக்கிழமை. ஊர்காவற்றுறையிலை காணி உறுதி எழுதப் போறம். நீங்களும் ஒரு சாட்சி எண்டு பூரணம் சொன்னா."

"அறிவேன்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. காட்டு முகாமில் ஒரு வழக்கம்: புது இடத்துக்குப் போனால், பொறுப்பான ஒருவரிடம் உன் பெயர், வயது, நோய், ஆபத்து என்றால் யாருக்கு அறிவிப்பது என்ற விபரம் எழுதிய தாளைக் கொடுத்து வைக்கவேண்டும். தட்டச்சில் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். "முறையான தாள்," என்றார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தார்.

அன்றிரவு அடிப்போர்வையாகப் பனையோலைப் பாய் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தத்துவம் சரி. ஆனால் ஓலைப் பாய்க்கு வளையத் தெரியாது. நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றது. அந்த வழியால் காற்று புகுந்து விசில் அடித்தது. நான் புரள, பாய் நொறுநொறுத்தது. பாய் நொறுநொறுக்க, நாய் குரைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பூரணம் சொன்னாள், "இரவு முழுக்க அப்பளம் பொரிச்ச சத்தம். நித்திரை இல்லை."

காணியை அளக்கப் போனபோது கரையில் யோசேப்பைச் சந்தித்தேன். கடற்றொழிலாளி, ஐம்பது வயது, அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. உறுதிக்கு மற்றச் சாட்சி அவர். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே என் பிரச்சினையைக் கேட்டார். முருகைக்கல் எல்லையை நான் அளந்தது அடிக் கணக்கில் சரியாக இருந்தது. அதில் அவருக்கு வியப்பு இல்லை. நான் கீழே போர்க்க வேண்டும் என்றதில்தான் வியப்பு.

"மீனுக்குக் கீழை ஐஸ் போடுவம்," என்றார். "மனுசனுக்குக் கீழை கம்பளியோ?"

"மேலை போட்டால் பாதிதான் யோசேப்பு. பழைய வலை ஒண்டு தருவீரோ?"

தந்தார். கண் சிறிய, கைவிட்ட வலை. இரண்டாக மடித்துப் பையாகத் தைத்து, இரண்டு பக்கமும் கயிறு கோத்தோம். வலை ஓலைப் பாய் போலல்ல. உடம்பு போகிற பக்கம் தானும் வளையும். உள்ளே வைக்கோல் அடைத்தோம். நான் படுத்தால் தொட்டு நிற்கும்படி தொங்குபடுக்கைக்குக் கீழே மூன்று விரல் விட்டுக் கட்டினேன். ஏறிப் படுத்த அரை மணியில் இடுப்பு இளகியது. இலாகா கொடுத்த மெத்தைப் போர்வைகூட இவ்வளவு நன்றாக இருந்ததாக நினைவில்லை.

புதன்கிழமை விடியுமுன்னே முதுகு மறுபடியும் குளிர்ந்தது. கீழே ஏதோ இழுத்தது. மெல்லும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். பூரணத்தின் பசு கட்டறுத்து வந்து விறாந்தையில் முழங்காலிட்டு, வலைக் கண்ணால் வைக்கோலை ஒவ்வொரு தாளாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பொறுமையான மிருகம். நானும் பொறுமையாக மேலே கிடந்து பார்த்தேன். வேறு என்ன செய்வது?

"அத்தான், எங்கை எடுத்தனீங்கள் வைக்கோல்?" என்றாள் பூரணம்.

"மாட்டுக் கொட்டிலிலை."

"அப்ப மாடு தன்ரை சாப்பாட்டைத்தானே திண்டது. நீங்கள்தான் அதிலை படுத்தனீங்கள்."

முறைப்படி பார்த்தால் அவள் சொன்னது சரி. எந்த நீதிமன்றமும் பசுவின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும்.

யோசேப்பு விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, "சாதாளை போடுவம் ஐயா," என்றார். கடலடியில் முளைத்துக் காற்றில் கரையொதுங்கும் புல்லை அங்கே சாதாளை என்கிறார்கள். நான் மறுத்தேன். உப்பு ஊறிய பொருள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; ஈரமான அடிப்போர்வை இல்லாததைவிடக் கேடு. நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசினால்தான் உப்புப் போகும் என்றேன்.

பூரணம் குசினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நல்ல தண்ணியிலையோ? நான் விடிய எழும்பி ஒண்டரைக் கட்டைத் தூரம் நடந்து அள்ளுற தண்ணியிலையோ? கடல் புல்லைக் கழுவவோ? அத்தான், இதை ஒழுங்கையிலை நிண்டு சொல்லாதையுங்கோ. உங்களை லோஞ்சிலை ஏத்திவிடுவினம்."

யோசேப்பு இடையில் புகுந்தார். "அக்கா, கோவியாதையுங்கோ. அலைக்கு எட்டாத மேட்டிலை போன வருசத்துச் சாதாளை குவிஞ்சு கிடக்கு. மாரி மழை முழுக்க அதைக் கழுவிப் போட்டுது. வெயிலும் காய்ச்சிப் போட்டுது."

அப்படித்தான் இருந்தது. எடையே இல்லை, சுருள் சுருளாக, கையில் அமுக்கினால் திரும்பி எழும்பியது. நக்கிப் பார்த்தேன், உப்பு இல்லை. இரண்டு சாக்கு அள்ளி வந்து வலைக்குள் பரப்பினோம். அது ஒரு பக்கம் ஒதுங்காதபடி, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தையல் யோசேப்பு போட்டார். பசுவுக்கு நீட்டிப் பார்த்தோம். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

இலாகாவில் இருந்திருந்தால் இதற்கு ஓர் அறிக்கை எழுதியிருப்பேன். ஓலை: வளையாது. வைக்கோல்: சூடு உண்டு, பாதுகாப்பு இல்லை. சாதாளை: சிறந்தது, தண்ணீருக்குச் சண்டை பிடிக்காவிட்டால். வலையின் பக்கங்களை மேலே இழுத்து என் தோள்வரை மூடினேன். தேவகி தந்த பஞ்சைக் காதில் அடைத்தேன். தலைக்குச் சால்வை. வியாழக்கிழமை எதுவரை தூங்கினேன் என்பதை மற்றவர்கள்தான் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

நாற்பது வருடமாக ஐந்து மணிக்கு எழும்புகிறவன் நான். அன்று எட்டு மணிக்குக் கண் விழித்தபோது விறாந்தையைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒரு கிழவி என் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் நீளமான தடி ஒன்றைச் சுவரில் சாத்தினார்.

பூரணம் தண்ணீர்க் குடத்தோடு ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். எழும்பி உட்கார்ந்து, காதுப் பஞ்சை எடுத்தேன்.

"என்ன விஷயம்?"

"நீங்கள் கதைக்கிறியளோ?" என்றாள் கிழவி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பிறகுதான் விளங்கியது. அந்தத் தீவில் நடக்க ஏலாத நோயாளியைச் சேலையில் கிடத்தி, இரண்டு முனையையும் தடியில் கட்டி, தோளில் தூக்கித்தான் துறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே துணியில் தொங்குகிற வளர்ந்த மனிதர் என்றால் பொருள் ஒன்றுதான். காலையில் சின்னத்துரையர் மதிலால் எட்டிப் பார்த்திருக்கிறார். நான் தோள்வரை வலைக்குள், தலை மூடி, அசையாமல். மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். காதில் பஞ்சு.

"இப்ப எங்கை அவர்?"

"சைக்கிளிலை தபால் கந்தோருக்குப் போனவர்," என்றார் தடி கொண்டுவந்தவர். "உங்கடை மகளுக்குத் தந்தி குடுக்க. தாள் ஒண்டு வைச்சிருந்தவர்."

என் ஈப்போ வீடு கண்முன்னே ஒரு தரம் வந்து போனது.

பெனியனும் சாரமுமாக, யோசேப்பின் சைக்கிளில் வாடைக்காற்றுக்கு எதிரே மிதித்தேன். கந்தோரில் இருந்தவர் மரியாதையாகச் சொன்னார்: தந்தியை நிறுத்தவேண்டுமானால் கொடுத்தவர் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும், பெறுகிறவரின் தகப்பன் கேட்டு நிறுத்த ஏலாது. சரியான விதி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதை இல்லாமல்.

சின்னத்துரையரோ அங்கே இல்லை. எனக்காக லோஞ்சை மறித்து வைக்கத் துறைக்குப் போயிருந்தார். துறைக்கு மிதித்தேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறவில்லை.

"குணமோ?"

"நித்திரை மனுசா, வெறும் நித்திரை!"

"எட்டு மணி."

"வாருங்கோ, தந்தியை நிப்பாட்ட வேணும்."

வந்தார். தந்தியை நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தை அழகான கையெழுத்தில் எழுதினார். நகல் ஒன்றும் எடுத்தார். அதற்குள் தந்தி போய்விட்டது. அவர் அனுப்பியதை வாசித்துப் பார்த்தேன்: 'தகப்பன் பேச்சில்லை. அசைவில்லை. வைத்தியசாலை ஏற்பாடு. சின்னத்துரை.' ஒரு சொல் வீண் இல்லை.

பதிலுக்கு நான் ஒரு தந்தி கொடுத்தேன்: 'நலம். வெறும் நித்திரை. முந்தியதை மறக்கவும். அப்பா.'

"நித்திரை எண்டு தந்தி அடிக்கிற மனுசன் நல்ல சுகமாய் இருக்கிறார் எண்டு ஆர் நம்புவினம்?" என்றாள் வீட்டில் பூரணம்.

அன்று பின்னேரம் இருமல் தொடங்கியது. மூன்று நாள் குளிரில் வராதது, சூடாகத் தூங்கி எழும்பி, வியர்க்க வியர்க்க நோயில்லை என்று நிரூபிக்கச் சைக்கிள் ஓடியதில் வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பூரணம் வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் அவித்த தண்ணீரைக் குடிக்கக் குடிக்க நிரப்பினாள். மத்தியானம் கிள்ளானிலிருந்து பதில் வந்தது. 'சனி காலை ஊர்காவற்றுறை தபால் கந்தோரில் நிற்கவும். தொலைபேசியில் பேசுவேன். தேவகி.' நான் எந்த நாள் எந்த ஊரில் நிற்பேன் என்ற நிகழ்ச்சி நிரலை அவளுக்குத் தட்டச்சில் அடித்துக் கொடுத்திருந்தேன். என் முறைகள் எல்லாம் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்றன.

சனிக்கிழமை லோஞ்சில் படங்குக்குக் கீழே நாலு பேரும் ஆலோசித்தோம். நிபந்தனையைச் சொன்னேன். வீடு, சாவி, சுத்தியல்.

"இதுக்கென்ன," என்றாள் பூரணம். "உங்களுக்கு இருமல் வரேக்கை நாங்களும் இருமுவம். மூண்டு பேர் இருமினால் ஆற்றை இருமல் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"வரிசை?" என்றார் சின்னத்துரையர்.

"வரிசை என்னத்துக்கு அண்ணை?"

"ஒழுங்கு."

யோசேப்பு தனக்கு ஒத்திகை வேண்டாம் என்றார். முப்பது வருடம் சுருட்டுக் குடித்தவர். நான் இடக்கையைத் தூக்கினால் முதலில் அவர், பிறகு சின்னத்துரையர் என்று முடிவானது. தந்தியால் வந்த பழியைச் சின்னத்துரையர் இருமித் தீர்க்க ஆவலாக இருந்தார்.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் பஸ்ஸுக்கு டயர் போனது. எல்லாரும் இறங்கினோம். இரண்டு பக்கமும் கடல். மறைய ஒரு மரம் இல்லை. காற்று நேரே நெஞ்சுக்குள் போனது. கண்டக்டரும் சாரதியும் டயரைக் கழற்றினார்கள். சுத்தியல் சத்தத்தை அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னே இருந்த எதிர்காலத்தை ஒருவரும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் போய் நின்று மூச்சு வாங்கவும் அழைப்பு வந்தது.

"அப்பா?"

"ஓம் பிள்ளை. நல்ல சுகம். அந்தத் தந்தி..."

தொண்டையில் இருமல் ஏறியது. கையைத் தூக்கினேன். யோசேப்பு இருமினார், கந்தோர் யன்னல் அதிர்ந்தது. சின்னத்துரையர் இருமினார், சுருக்கமாக, இரண்டே இரண்டு. நடுவில் நான் என்னுடையதைப் போட்டேன்.

"ஆரது இருமுறது?"

"இஞ்சை கந்தோரிலை ஆக்கள். பனிக்காலமெல்லோ."

"எங்கை படுக்கிறியள்?"

"விறாந்தையிலை. ஆனால் அடியிலை சாதாளை..." கை மறுபடி மேலே போனது. இந்த முறை பூரணமும் சேர்ந்துகொண்டாள். முத்திரை வாங்க நின்ற கிழவர் ஒருவர், என்ன ஏது என்று கேட்காமலே, தன் பங்குக்கு இருமினார்.

"அப்பா, நான் இருபது வருசமாய் வார்டிலை நிக்கிறன். நாலைஞ்சு பேர் இருமுகினம். ஒரு ஆள் சுருட்டு. மற்றவை நடிக்கினம். நடிக்காத இருமல் உங்கடை."

யோசேப்பு என்னைப் பார்த்து, இன்னொன்று போடவா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"சரி பிள்ளை," என்றேன். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். சாவியைத் தாறன்."

"சாவி வேண்டாம். நீங்கள் கிள்ளானுக்கு வரவும் வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"உங்கடை பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கேட்டு ரெண்டு வருசம் அப்பா. தகப்பன் இப்பவும் நோயாளி எண்டதுக்கு அத்தாட்சி எங்கை, அத்தாட்சி எங்கை எண்டு திருப்பித் திருப்பி அனுப்பினவை. வியாழக்கிழமை தந்தியைக் கொண்டுபோய் மேசையிலை வைச்சன். நேற்றுக் கையொப்பமாச்சுது. வாற மாதம் நாங்கள் எல்லாரும் ஈப்போ வீட்டுக்கு வாறம்."

"பிள்ளை, அந்தத் தந்தி பிழையான தந்தி."

"வெளிநாட்டுத் தந்தி. முத்திரை குத்தியிருக்கு."

"நான் ரெண்டாவதும் அனுப்பினனே?"

"வந்தது. அதை நான் காட்டேல்லை."

முப்பது வருட உத்தியோகத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் கண்டதில்லை. ஒரு தாளில்கூடப் பொய் இல்லை.

"அப்ப டயர்க் கடை?" என்றேன்.

"அதையும் கொண்டு வாறார். முன்வளவு சும்மாதானே கிடக்கு. உங்கடை ரம்புத்தான் மரத்துக்கு ஒண்டும் செய்யமாட்டார் அப்பா. அதிலை டயர் கொழுவி வைக்கலாம் எண்டுதான் சொன்னவர்."

மூன்று நிமிடம் முடிந்தது என்று இடையில் ஒரு குரல் சொன்னது. நீடிக்கவேண்டுமா என்றும் கேட்டது. வேண்டாம் என்றேன்.

"என்னவாம்?" என்றாள் பூரணம்.

"குடிவரப் போறாவாம். தந்தியைக் காட்டித்தான் மாற்றம் கிடைச்சதாம்."

சின்னத்துரையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு. "பயன்," என்றார்.

அங்கிருந்து நாலு பேரும் நொத்தாரிசு வீட்டுக்கு நடந்தோம். வயதானவர், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பவர். எல்லைகள், மரங்கள், கிணற்றில் பங்கு, எல்லாம் வாசித்தார். நான் அளந்த கணக்குத்தான், ஒரு பிழை இல்லை. பேனாவை என்னிடம் நீட்டுமுன் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்.

"நன்கொடையாளர் நல்ல சுகத்தோடும் சுயபுத்தியோடும் கையொப்பமிடுகிறார்தானே?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த யோசேப்பு உடனே இருமினார். அவருக்குப் பிறகு, ஒழுங்கு தவறாமல், சின்னத்துரையர் இருமினார்.

நொத்தாரிசு பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய், தன் கதிரையை எங்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகுதான் ஒப்பமிடச் சொன்னார்.